ஜெர்மன் பெயர்ச்சொற்களின் பாலைக் கற்பது எப்படி: மொரீஷியஸ் தமிழருக்கு ஒரு வழிகாட்டி

ஜெர்மன் கற்கத் தொடங்கும் மொரீஷியஸ் தமிழர் எவரும் மொழியறிவில் வெறுங்கையோடு வருவதில்லை. வீட்டிலும் சந்தையிலும் கிரியோல், செய்தித்தாளில் பிரெஞ்சு, பாடப்புத்தகத்திலும் அரசாங்கத் தாள்களிலும் ஆங்கிலம், பள்ளியிலும் கோயிலிலும் தமிழ் என்று பல மொழிகளுக்கு நடுவே அவர் வளர்கிறார். ஆயினும், கிராண்ட் பே, பெல் மார், ஃபிளிக் ஆன் ஃபிளாக் போன்ற கடற்கரை ஊர்களில் ஜெர்மன் விருந்தினரோடு பேச வேண்டிய ஓட்டல் பணியாளரும், ஜெர்மனிக்குச் சென்று தொழிற்பயிற்சி பெற விரும்பும் இளைஞரும் தொடக்கத்திலேயே ஒரே இடத்தில் தடுமாறுகிறார்கள். எந்தப் பெயர்ச்சொல்லின் முன் ‘டேர்’ வரும், எதன் முன் ‘டீ’ வரும், எதன் முன் ‘டாஸ்’ வரும் என்பதே அந்த இடம்.

பாலை ஒரு நீண்ட மனப்பாடப் பட்டியலாகக் கருதுவதுதான் இந்தத் தடுமாற்றத்தைப் பெரிதாக்குகிறது என்பது என் கருத்து. நமக்கு முன்பே தெரிந்த மொழிகள் ஒவ்வொன்றும் இந்த வேலைக்குத் தேவையான ஒரு பழக்கத்தை நமக்குள் வளர்த்து வைத்திருக்கின்றன. ஆர்ட்டிகிளை, அதாவது பெயர்ச்சொல்லின் முன் வரும் டேர், டீ, டாஸ் போன்ற சொல்லை, பெயரோடு ஒட்டி வைக்கும் பழக்கத்தைக் கிரியோலிலிருந்தும், சொல்லின் இறுதியைப் பார்த்துப் பாலை ஊகிக்கும் பழக்கத்தைப் பிரெஞ்சிலிருந்தும், வேற்றுமையை உணரும் பழக்கத்தைத் தமிழிலிருந்தும் எடுத்துக்கொள்ளலாம். அந்தந்த மொழியின் மற்ற பழக்கங்களை, குறிப்பாகப் பிரெஞ்சுச் சொற்களின் பாலை, ஜெர்மனுக்குள் கொண்டுவராமல் தடுக்கவும் கற்றுக்கொள்ள வேண்டும்.

உச்சரிப்பைப் பற்றி ஒரு குறிப்பு. இங்கே ஜெர்மன் சொற்களைத் தமிழ் எழுத்தில் தருவதால் அவை ஏறத்தாழ ஒலிப்பனவே. டேர், டீ, டாஸ் ஆகியவற்றின் டகரத்தை ‘வண்டி’ என்னும் சொல்லில் ஒலிப்பதுபோல மென்மையாக ஒலிக்க வேண்டும். சரியான ஒலியைப் பதிவுகளைக் கேட்டே பழகிக்கொள்ளுங்கள்.

பால் எங்கே இருக்கிறது

தமிழில் பால் என்பது பொருளைப் பொறுத்தது. மனிதராயின் உயர்திணை, மற்றவை அஃறிணை என்று முதலில் பிரித்துவிட்டு, உயர்திணைக்குள்தான் ஆண்பாலையும் பெண்பாலையும் நாம் தேடுகிறோம். அந்தப் பாலும் பெரும்பாலும் வினைமுற்றின் இறுதியில்தான் வெளிப்படுகிறது: வந்தான், வந்தாள், வந்தது. ஜெர்மனில் வினைச்சொல் பாலைக் காட்டுவதே இல்லை. ஆண்பால் (டேர்), பெண்பால் (டீ), நடுப்பால் (டாஸ்) என்னும் மூன்றில் ஒன்று ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் உரியதாக இருந்து, பெயருக்கு முன்னால் வரும் ஆர்ட்டிகிளிலும், பெயரடையின் இறுதியிலும், அந்தப் பெயருக்குப் பதிலாக வரும் சுட்டுப்பெயரிலும் வெளிப்படுகிறது. எனவே, வாக்கியத்தின் இறுதியில் பாலைத் தேடிப் பழகிய நம் செவி, பெயருக்கு முன்னால் தேடப் பழக வேண்டும்.

மேசை, விளக்கு, வீடு ஆகிய மூன்றும் நமக்கு அஃறிணை. ஜெர்மனில் மேசை ‘டேர் டிஷ்’, விளக்கு ‘டீ லாம்பெ’, வீடு ‘டாஸ் ஹவுஸ்’. மேசையில் ஆண்மையையோ விளக்கில் பெண்மையையோ தேடினால் ஒன்றும் கிடைக்காது. இந்தப் பாகுபாடு அந்தச் சொற்களுக்கு உரியதே தவிர அந்தப் பொருள்களுக்கு உரியதன்று. மனிதரைக் குறிக்கும் சொற்களில் பெரும்பாலும் பொருளும் பாலும் ஒத்துப்போகும்: ‘டேர் மான்’ ஆண், ‘டீ ஃப்ராவ்’ பெண். ஆனால் சிறுமியைக் குறிக்கும் சொல் ‘டாஸ் மேட்ஷென்’, அதாவது நடுப்பால். இதைக் கண்டு பலர் திகைக்கிறார்கள். தமிழர் திகைக்க வேண்டியதில்லை. ‘குழந்தை அழுதது’ என்றுதானே நாமும் சொல்கிறோம்? குழந்தை மனிதப் பிறவி என்பதை மறந்து நாம் அப்படிச் சொல்வதில்லை. அந்தச் சொல் அஃறிணை முடிபு கொள்ளும் இயல்புடையது. ஜெர்மனிலும் குழந்தை ‘டாஸ் கிண்ட்’ என்று நடுப்பாலில்தான் வருகிறது. சிறுமையைக் காட்டும் ‘ஷென்’ என்னும் விகுதி எந்தச் சொல்லோடு சேர்ந்தாலும் அது நடுப்பாலாகிவிடும் என்பதே மேட்ஷென் என்னும் சொல்லுக்குக் காரணம்.

ஒட்டிக் கற்றல்

கிரியோலில் மேசை ‘லாத்தாப்’. வீடு ‘லாகாஸ்’. கதவு ‘லாபோர்ட்’. மழை ‘லாப்ளி’. பிரெஞ்சின் ‘லா’ என்னும் பெண்பால் ஆர்ட்டிகிள் இந்தச் சொற்களோடு ஒட்டி, தனக்கென்று இருந்த வேலையை இழந்து, சொல்லின் முதல் அசையாகிவிட்டது. நீரைக் குறிக்கும் ‘டிலோ’, சோற்றைக் குறிக்கும் ‘டிரி’ ஆகியவற்றிலும் பிரெஞ்சு ஆர்ட்டிகிளின் ஒட்டு இருக்கிறது. ‘அந்த மேசை’ என்று குறிப்பிட வேண்டுமானால் கிரியோல் பேசுபவர் ‘லாத்தாப் லா’ என்று பின்னால் இன்னொரு ‘லா’ சேர்க்கிறார். மேசை பெண்பாலா என்று எந்தக் கிரியோல் குழந்தையும் யோசிப்பதில்லை; ஆனாலும் ‘லா’ இல்லாமல் அந்தச் சொல்லைச் சொல்வதும் இல்லை.

ஜெர்மன் ஆர்ட்டிகிளை நாமும் அப்படித்தான் வைத்துக்கொள்ள வேண்டும். மேசை என்றால் ‘டிஷ்’ என்று படித்துவிட்டு, அதன் ஆர்ட்டிகிள் ‘டேர்’ என்று இரண்டாம் செய்தியாகச் சேர்த்துக்கொள்பவர் பேசும் நேரத்தில் இரண்டாம் செய்தியை இழந்துவிடுகிறார். ‘டேர்டிஷ்’ என்று ஒரே மூச்சில் சொல்லிப் பழகியவருக்கு இழப்பதற்கு இரண்டாம் செய்தியே இல்லை. எனவே ஒரு புதிய சொல்லைப் பார்த்தவுடன் அதன் பாலை அகராதியில் உறுதிசெய்து, ஆர்ட்டிகிளோடு சேர்த்து வாய்விட்டுப் பலமுறை சொல்ல வேண்டும். ஆர்ட்டிகிள் இல்லாமல் அந்தப் பெயர்ச்சொல்லைக் குறிப்பேட்டில் ஒருமுறைகூட எழுதக் கூடாது. அகராதிகளில் பால் பெரும்பாலும் ஓரெழுத்துக் குறியாகவே இருக்கும்; அதைக் கண்ணால் பார்த்து நகர்ந்துவிடாமல் டேர், டீ, டாஸ் என்று முழுச் சொல்லாக மாற்றி எழுதுங்கள்.

அதே வரியில் பன்மையையும் எழுதிவிட வேண்டும். பன்மையில் மூன்று பாலுக்கும் ஆர்ட்டிகிள் ‘டீ’ ஒன்றுதான். ஆனால் சொல்லின் வடிவம் பெரும்பாலும் மாறும். ‘டேர் டிஷ், டீ டிஷெ’. ‘டீ லாம்பெ, டீ லாம்பென்’. புத்தகம் ‘டாஸ் புஹ், டீ ப்யூஹர்’. பன்மை வடிவம் பாலை நினைவூட்டும் துணையாகவும் உதவுகிறது. ‘என்’ என்றோ ‘ன்’ என்றோ பன்மை முடிந்தால் ஒருமை பெரும்பாலும் பெண்பால். ப்யூஹர் என்பதில் உள்ளதுபோலப் பன்மைக்காக ‘அர்’ சேர்ந்தால் அது பெண்பாலாக இராது.

சொல் அட்டைகள் செய்பவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அட்டையின் மறுபக்கத்தில் பிரெஞ்சுச் சொல்லை எழுதாதீர்கள். பிரெஞ்சுச் சொல் தன் ஆர்ட்டிகிளோடுதான் நம் நினைவுக்கு வரும். அது ஜெர்மன் ஆர்ட்டிகிளின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். படம் வரையுங்கள், அல்லது தமிழ்ச் சொல்லை எழுதுங்கள். தமிழில் ஆர்ட்டிகிள் இல்லாதது இந்த இடத்தில் நமக்குப் பெரும் நன்மை.

பிரெஞ்சு எங்கே கெடுக்கிறது, எங்கே உதவுகிறது

அன்றாட வாழ்க்கைச் சொற்களில் பிரெஞ்சின் பாலை நம்பவே கூடாது. சூரியன் பிரெஞ்சில் ஆண்பால், ஜெர்மனில் ‘டீ ஸொன்னெ’ என்று பெண்பால். நிலவு பிரெஞ்சில் பெண்பால், ஜெர்மனில் ‘டேர் மோண்ட்’ என்று ஆண்பால். மேசை, நாற்காலி, சாவி, கடற்கரை, மழை ஆகிய ஐந்தும் பிரெஞ்சில் பெண்பால். ஜெர்மனில் டேர் டிஷ், டேர் ஷ்டூல், டேர் ஷ்லூஸெல், டேர் ஷ்ட்ராண்ட், டேர் ரேகென் என்று ஐந்துமே ஆண்பால். கடல் பிரெஞ்சில் பெண்பால். ஜெர்மனில் ‘டாஸ் மேர்’ என்று நடுப்பால்.

பிரெஞ்சிலிருந்தே ஜெர்மன் கடன் வாங்கிய சொற்களிலும் பால் மாறியிருப்பதுண்டு. ‘ஆஷ்’ என்று முடியும் பிரெஞ்சுச் சொற்கள் பெரும்பாலும் ஆண்பால். அவை ஜெர்மனுக்குள் சென்று ‘ஆஷெ’ என்று முடியும்போது பெண்பாலாகிவிட்டன. வண்டி நிறுத்தும் கூடம் ‘டீ கராஷெ’, மாடி ‘டீ எட்டாஷெ’, உடல் பிடித்துவிடுதல் ‘டீ மஸாஷெ’. ஓட்டலில் வேலை செய்பவருக்கு இவை நாள்தோறும் தேவைப்படும் சொற்கள் என்பதால் இந்த மூன்றையும் முதலிலேயே திருத்திக்கொள்வது நல்லது. குழுவைக் குறிக்கும் ‘டீ க்ருப்பெ’யும் இப்படியே ஆண்பாலிலிருந்து பெண்பாலானது. சாலட் இதற்கு எதிர்மாறு: பிரெஞ்சில் பெண்பால், ஜெர்மனில் ‘டேர் ஸலாட்’ என்று ஆண்பால்; ஆனால் ஜெர்மன் அதை இத்தாலிய மொழியிலிருந்து பெற்றது.

இவ்வளவு எச்சரித்த பிறகு, பிரெஞ்சு செய்யும் பேருதவியைச் சொல்ல வேண்டும். லத்தீன், கிரேக்க வேரிலிருந்து வந்த கல்வி, நிர்வாகச் சொற்களில் பிரெஞ்சு விகுதியும் ஜெர்மன் விகுதியும் ஒன்றுக்கொன்று நேராக நிற்கின்றன. பாலும் பெரும்பாலும் ஒத்துப்போகிறது. பிரெஞ்சில் ‘ஸியோன்’ என்று முடியும் பெண்பாற் சொற்கள் ஜெர்மனில் ‘ட்ஸியோன்’ என்று முடிந்து பெண்பாலாகவே இருக்கின்றன: டீ நாட்ஸியோன், டீ ஷ்டாட்ஸியோன், டீ ரெஸெப்ட்ஸியோன். பிரெஞ்சில் ‘தே’ என்று முடியும் பண்புப்பெயர்கள் ஜெர்மனில் ‘டேட்’ ஆகின்றன: டீ க்வாலிட்டேட், டீ உனிவெர்ஸிட்டேட். ‘ஆன்ஸ்’ என்பது ‘ஆன்ட்ஸ்’, ‘என்ட்ஸ்’ ஆகிறது: டீ டோலெரான்ட்ஸ், டீ கொன்ஃபெரென்ட்ஸ். ‘யூர்’ என்பது ‘ஊர்’ ஆகிறது: டீ நாட்டூர், டீ குல்ட்டூர். இவை அனைத்தும் பெண்பால். பிரெஞ்சில் ‘இஸ்ம்’ என்று முடியும் ஆண்பாற் சொற்கள் ‘இஸ்முஸ்’ என்று முடிந்து ஆண்பாலாகவே இருக்கின்றன. சுற்றுலாத்துறை ‘டேர் டூரிஸ்முஸ்’. ‘மோத்தர்’ என்னும் பிரெஞ்சு ஆண்பால் ‘டேர் மோட்டோர்’ ஆகிறது. பிரெஞ்சில் ‘மோன்’ என்று முடியும் ஆண்பாற் சொற்கள் மட்டும் ஜெர்மனில் நடுப்பாலுக்கு நகர்ந்து ‘டாஸ் டோகுமென்ட்’, ‘டாஸ் இன்ஸ்ட்ருமென்ட்’ என்றாகின்றன. கணத்தைக் குறிக்கும் ‘டேர் மோமென்ட்’ இதற்கு விலக்கு.

பிரெஞ்சு அறிந்த ஒருவர் இந்தப் பத்தியை ஒரு மாலையில் உள்வாங்கிக்கொண்டால், இதுவரை ஜெர்மனில் பார்த்தே இராத பல நூறு சொற்களின் பால் அவர் கைக்கு வந்துவிடும். வேறு நாட்டுக் கற்பவர் பலருக்குக் கிடைக்காத குறுக்குவழி இது. நம் மாணவர்கள் இதைப் பயன்படுத்தாமல், ஆங்கிலம் வழியாக எழுதப்பட்ட பாடநூல்களின் வரிசையிலேயே செல்வதைக் காணும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஜெர்மனுக்கே உரிய விகுதிகள்

பிரெஞ்சு துணைக்கு வராத இடத்தில் ஜெர்மனின் சொந்த விகுதிகளைக் கற்க வேண்டும். இவற்றில் உறுதியானவை ‘உங்’, ‘ஹைட்’, ‘கைட்’, ‘ஷாஃப்ட்’ ஆகிய நான்கும். இந்த விகுதி பெற்ற சொற்கள் பெண்பாலே: டீ ட்ஸைட்டுங் என்னும் செய்தித்தாள், டீ ரெஹ்னுங் என்னும் கட்டணச்சீட்டு, டீ ஃப்ரைஹைட் என்னும் விடுதலை, டீ மோக்லிஷ்கைட் என்னும் வாய்ப்பு, டீ ஃப்ரொய்ண்ட்ஷாஃப்ட் என்னும் நட்பு. தாவுதலைக் குறிக்கும் ‘டேர் ஷ்ப்ருங்’ போன்ற ஓரசைச் சொற்களில் ‘உங்’ விகுதியாக நிற்கவில்லை, சொல்லின் வேரிலேயே இருக்கிறது. ஆகவே அவை இந்த விதிக்குள் வாரா. இந்த நான்கோடு ‘ஐ’ என்று முடியும் டீ பெக்கெரை, அதாவது ரொட்டிக்கடை, போன்றவற்றையும், பெண்ணைக் குறிக்கும் ‘இன்’ விகுதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் ‘டேர் லேரர்’, ஆசிரியை ‘டீ லேரெரின்’.

‘எ’ என்று முடியும் சொற்கள் மிகப் பெரும்பாலும் பெண்பால்: டீ ப்ளூமெ என்னும் பூ, டீ ஷ்ட்ராஸெ என்னும் தெரு, டீ டாஸெ என்னும் கோப்பை. விலக்குகளைத் தனியே எழுதி வையுங்கள்: டேர் நாமெ என்னும் பெயர், டேர் கேஸெ என்னும் பாலாடைக்கட்டி, டேர் யுங்கெ என்னும் சிறுவன், டாஸ் அவுகெ என்னும் கண், டாஸ் எண்டெ என்னும் முடிவு.

நடுப்பாலுக்கு ‘ஷென்’, ‘லைன்’ என்னும் சிறுமை விகுதிகள் தவறாத அடையாளம். வினைச்சொல்லை அப்படியே தொழிற்பெயராக்கினால் அதுவும் நடுப்பால்தான். உண்ணுதல் ‘டாஸ் எஸென்’, நீந்துதல் ‘டாஸ் ஷ்விம்மென்’. ‘உம்’ என்று முடியும் டாஸ் முஸேயும், டாஸ் ட்ஸென்ட்ரும் ஆகியவையும் நடுப்பால். ‘கெ’ என்று தொடங்கித் தொகுதியைக் குறிக்கும் சொற்களில் பலவும் அப்படியே: டாஸ் கெபெக் என்னும் பயணப்பெட்டிகள், டாஸ் கெம்யூஸெ என்னும் காய்கறி. ஆயினும் ‘கெ’யை மட்டும் நம்ப முடியாது, ஆபத்தைக் குறிக்கும் டீ கெஃபார், வரலாற்றைக் குறிக்கும் டீ கெஷிஷ்டெ போன்றவை பெண்பால்.

ஆண்பாலுக்கு ‘லிங்’ என்று முடியும் டேர் ஃப்ரூலிங் என்னும் வசந்தம் போன்றவை உண்டு. ஆண்பாலை விகுதியால் அறிவதைவிடப் பொருட்குழுவால் அறிவது எளிது: கிழமைகள், மாதங்கள், பருவங்கள், திசைகள், மழையும் காற்றும் போன்ற வானிலைச் சொற்கள். மதுவகைகளும் ஆண்பால், நம் தீவின் கரும்பிலிருந்து வடிக்கும் ரம் ‘டேர் ரும்’, திராட்சை மது ‘டேர் வைன்’. பீர் மட்டும் ‘டாஸ் பீர்’. பழங்களில் பெரும்பாலானவை பெண்பால்: டீ மாங்கோ, டீ அனனாஸ், டீ பனானெ. ஆப்பிள் ‘டேர் அப்ஃபெல்’ என்று விலகி நிற்கிறது.

இதே இடத்தில் கற்க வேண்டிய இன்னொரு விதிக்கு விலக்குகள் மிக அரிது. ஜெர்மன் தொகைச்சொற்கள் எவ்வளவு நீண்டாலும் அவற்றின் பால் கடைசிச் சொல்லின் பாலே. ‘டாஸ் ட்ஸிம்மர்’ என்னும் அறையும் ‘டேர் ஷ்லூஸெல்’ என்னும் சாவியும் சேர்ந்தால் ‘டேர் ட்ஸிம்மர்ஷ்லூஸெல்’. சர்க்கரை ‘டேர் ட்ஸுக்கர்’. குழலையும் தண்டையும் குறிக்கும் ‘டாஸ் ரோர்’ அதனோடு சேர்ந்தால் ‘டாஸ் ட்ஸுக்கர்ரோர்’ என்னும் கரும்பு. ஆலையைக் குறிக்கும் ‘டீ ஃபப்ரீக்’ சேர்ந்தால் ‘டீ ட்ஸுக்கர்ஃபப்ரீக்’. தமிழிலும் ‘அறைச்சாவி’ ஒரு சாவி, ‘கரும்பாலை’ ஓர் ஆலை என்று பின்மொழியே தலைமை பெறுவதால் இந்த விதி நமக்கு இயல்பாகவே பிடிபடும்.

விதிக்குள் வராத சொற்கள்

கத்தி ‘டாஸ் மெஸர்’, முள்கரண்டி ‘டீ காபெல்’, கரண்டி ‘டேர் லொஃபெல்’. ஒரே மேசையில் அருகருகே கிடக்கும் மூன்று பொருள்களுக்கு மூன்று பால். இவற்றுக்கு விதி தேடுவது நேரத்தை வீணாக்குவதே. இத்தகைய அடிப்படைச் சொற்களை அவை இருக்கும் இடத்திலேயே, அந்த இடத்தின் மற்றப் பொருள்களோடு சேர்த்துக் கற்பதே சரியான முறை. உணவு மேசையை எடுத்துக்கொண்டால் டேர் டெல்லர், டாஸ் க்ளாஸ், டீ டாஸெ, டாஸ் வாஸர், டீ மில்ஷ், டாஸ் ப்ரோட், டேர் ஃபிஷ், டேர் ரைஸ், டாஸ் ஸால்ட்ஸ் என்று தட்டு, கண்ணாடிக் குவளை, கோப்பை, நீர், பால், ரொட்டி, மீன், அரிசி, உப்பு எல்லாம் வந்துவிடும். மேசையைத் துடைக்கும்போதும் சாப்பாடு எடுத்து வைக்கும்போதும் ஒவ்வொன்றையும் கையால் தொட்டு, ஆர்ட்டிகிளோடு சொல்லுங்கள்.

குறிப்பேட்டில் ஆண்பாலுக்கு நீலம், பெண்பாலுக்குச் சிவப்பு, நடுப்பாலுக்குப் பச்சை என்று நிறம் தீட்டும் முறையைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். கண்ணுக்கு அது உதவும். ஆனால் பேசும்போது நமக்குத் தேவைப்படுவது ஒலியின் நினைவு. அதற்கு நிறம் போதாது. நிறத்தைவிடப் பலன் தருவது பெயரடையோடு சேர்த்துச் சொல்லும் பயிற்சி. ‘ஒரு’ என்னும் பொருளில் வரும் ஆர்ட்டிகிள் ஆண்பாலுக்கும் நடுப்பாலுக்கும் ‘ஐன்’ என்றே ஒலிப்பதால் அது இரண்டையும் பிரித்துக் காட்டாது. பெண்பாலுக்கு மட்டும் ‘ஐனெ’. ஆனால் அதற்கும் பெயருக்கும் நடுவே ‘பெரிய’ என்னும் அடையைச் சேர்த்துவிட்டால் மூன்று பாலும் வெளிப்படையாகிவிடும்: ‘ஐன் க்ரோஸர் டிஷ்’, ‘ஐனெ க்ரோஸெ லாம்பெ’, ‘ஐன் க்ரோஸெஸ் ஹவுஸ்’. டேர் என்பதன் ரகர இறுதியும், டாஸ் என்பதன் ஸகர இறுதியும் பெயரடையின் இறுதிக்கு இடம்பெயர்ந்து வருவதைக் கவனியுங்கள். புதிய சொல் ஒவ்வொன்றையும் இந்த வடிவத்திலும் ஒருமுறை சொல்லிவிட்டால் ஒரே உழைப்பில் பாலும் பெயரடை முடிபும் கிடைக்கும்.

தமிழருக்கு மிகவும் தேவையான பயிற்சி அடுத்தது. சாவி எங்கே என்று கேட்டால் ‘அது இங்கே இருக்கிறது’ என்போம். அஃறிணைக்கு ‘அது’ என்பது நம் நாவில் ஊறிப்போனது. அதனால் ஜெர்மனிலும் எல்லாப் பொருளுக்கும் நடுப்பாலுக்குரிய ‘எஸ்’ என்னும் சுட்டுப்பெயரைச் சொல்லிவிடுகிறோம். ஜெர்மனிலோ டேர் ஷ்லூஸெலுக்கு ‘ஏர்’, டீ ரெஹ்னுங்குக்கு ‘ஸீ’, டாஸ் ட்ஸிம்மருக்கு மட்டுமே ‘எஸ்’. ‘வோ இஸ்ட் டேர் ஷ்லூஸெல்? ஏர் இஸ்ட் ஹீர்’ என்று ஒருவர் கேட்க மற்றவர் பதில் சொல்லும் பயிற்சியை இருவராகச் சேர்ந்து நாள்தோறும் செய்யுங்கள். தனியாகக் கற்பவர் கேள்வியைக் கைப்பேசியில் பதிவுசெய்து, அதைக் கேட்டுப் பதில் சொல்லலாம்.

வேற்றுமையில் ஆர்ட்டிகிள் மாறும்போது

பிரெஞ்சையும் கிரியோலையும் மட்டும் அறிந்தவருக்கு வேற்றுமை என்பது புதிய மலை. தமிழ் படித்தவருக்கு அது பழகிய நிலம். எழுவாய்க்குரிய முதல் வேற்றுமை, செயப்படுபொருளுக்குரிய இரண்டாம் வேற்றுமை, ‘கு’ உருபுக்கு நிகரான நான்காம் வேற்றுமை, உடைமையைக் காட்டும் ஆறாம் வேற்றுமை என்று நான்கு வேற்றுமைகள் ஜெர்மனில் உண்டு. தமிழ் உருபைப் பெயரின் பின்னால் சேர்க்கிறது. ஜெர்மன் முன்னால் நிற்கும் ஆர்ட்டிகிளையே பெரும்பாலும் மாற்றுகிறது. இந்த இட மாற்றம் மட்டுமே நாம் பழக வேண்டியது.

இரண்டாம் வேற்றுமையில் ஆண்பால் மட்டும் மாறும்: டேர் என்பது ‘டேன்’ ஆகும். ‘எனக்குச் சாவி தேவை’ என்பது ‘இஷ் ப்ரவுஹெ டேன் ஷ்லூஸெல்’. டீ, டாஸ் இரண்டும் மாறாமல் நிற்கும். தமிழில் ‘சாவி வாங்கினேன்’ என்று உருபு தொக்கியும் வரும். ஜெர்மனில் அப்படித் தொகுக்க முடியாது, செயப்படுபொருள் ஆண்பாலாயின் டேன் கட்டாயம். நான்காம் வேற்றுமையில் ஆண்பாலும் நடுப்பாலும் ‘டேம்’, பெண்பால் ‘டேர்’, பன்மை ‘டேன்’. ஆறாம் வேற்றுமையில் ஆண்பாலும் நடுப்பாலும் ‘டெஸ்’, பெண்பாலும் பன்மையும் ‘டேர்’. இதைத் தொடக்கநிலையில் படித்துப் புரிந்துகொண்டால் போதும், பேச்சில் அவசரமில்லை.

இங்கே ஒரு குழப்பம் காத்திருக்கிறது. பெண்பாற் சொல் நான்காம் வேற்றுமையில் டேர் பெறுவதால், ‘மிட் டேர் ரெஹ்னுங்’ (கட்டணச்சீட்டோடு) என்று கேட்டவர் ரெஹ்னுங் ஆண்பால் போலும் என்று நினைத்துத் தன் நினைவையே மாற்றிக்கொள்ளக்கூடும். ஆகவே முதல் வேற்றுமையில் இருநூறு சொற்களாவது ஒட்டி நிலைபெறும் வரை நான்காம் வேற்றுமைக்குச் செல்லாமல் இருப்பதே நல்லது என்று நினைக்கிறேன். சென்ற பிறகு, ‘இடத்துக்கு’ என்னும் பொருளில் வரும் ‘ட்ஸும்’, ‘ட்ஸுர்’ ஆகிய இரண்டிலிருந்து தொடங்குங்கள். ‘ட்ஸு டேம்’ சுருங்கி ட்ஸும், ‘ட்ஸு டேர்’ சுருங்கி ட்ஸுர். கடற்கரைக்கு ‘ட்ஸும் ஷ்ட்ராண்ட்’, ஓட்டலுக்கு ‘ட்ஸும் ஹோட்டெல்’, வரவேற்பு மேசைக்கு ‘ட்ஸுர் ரெஸெப்ட்ஸியோன்’. விருந்தினருக்கு வழி சொல்லும் வேலையில் இருப்பவர் இந்த இரண்டையும் நாளெல்லாம் பயன்படுத்துவார். பெண்பாலை மற்ற இரண்டிலிருந்து பிரித்தறியும் பயிற்சி தானாகவே நடந்துவிடும்.

ஐயம் வரும்போது

பேச்சின் நடுவே பால் தெரியவில்லை என்றால் ஆர்ட்டிகிளை ‘டெ’ என்று விழுங்கிவிடுமாறு சிலர் அறிவுரை சொல்கிறார்கள். நான் இதை ஏற்கவில்லை. விழுங்கிய ஆர்ட்டிகிளை எவரும் திருத்த முடியாது. தெளிவாகச் சொன்ன தவறான ஆர்ட்டிகிளைக் கேட்பவர் சரியான வடிவத்தில் திரும்பச் சொல்ல வாய்ப்புண்டு. முதலில் இறுதி விகுதியைப் பாருங்கள். அது உதவாவிட்டால் பொருட்குழுவைப் பாருங்கள். இரண்டும் உதவாவிட்டால் ஒன்றைத் தேர்ந்து துணிந்து சொல்லுங்கள். பால் தவறினாலும் பெரும்பாலும் பொருள் விளங்கிவிடும். சில சொற்களில் மட்டும் பாலே பொருளை மாற்றும்: ‘டேர் ஸே’ ஏரி, ‘டீ ஸே’ கடல், ‘டேர் லைட்டர்’ தலைவர், ‘டீ லைட்டர்’ ஏணி.

ஜெர்மன் பேசுவோரிடையேயும் பால் வேறுபடும் சொற்கள் சில உள்ளன. தயிரை ஜெர்மனியில் பெரும்பாலும் ‘டேர் யோகுர்ட்’ என்பார்கள். ‘டாஸ் யோகுர்ட்’ என்பதும் வழக்கில் உண்டு. மின்னஞ்சல் ஜெர்மனியில் ‘டீ ஈமெயில்’, ஆஸ்திரியாவிலும் சுவிட்சர்லாந்திலும் ‘டாஸ் ஈமெயில்’ என்றும் வரும். இத்தகைய சொல் எதிர்ப்பட்டால் அகராதி முதலில் தரும் ஆர்ட்டிகிளை எடுத்துக்கொண்டு அதையே தொடர்ந்து சொல்லுங்கள். எதிரே இருப்பவர் வேறு ஆர்ட்டிகிளோடு சொன்னால், அவர் எந்த ஊரிலிருந்து வந்தவர் என்று கேட்டு, அந்தச் சொல்லின் பக்கத்தில் அந்த ஊரையும் குறித்து வையுங்கள்.